கோயில் இல்லாத வரைபடம்

விண்ணப்பத் தாளில் வரைபடத்துக்கு அரைப் பக்கம் விட்டிருந்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டவர்கள் அதில் மூன்று இடங்களைக் குறிக்க வேண்டும்: வீடு, வேலையிடம், விழுந்த இடம். பிறகு மூன்றையும் ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். கோடு வழக்கமான பாதையில் போனால் தொழிலாளர் காப்புறுதி உண்டு. சொந்தக் காரியமாக எங்காவது திரும்பியிருந்தால் அந்தத் திருப்பத்தில் நடந்ததற்கு இல்லை. தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுப் பெண் இதை எனக்குத் தொலைபேசியில் இரண்டு முறை விளக்கினாள். இரண்டாம் முறை இன்னும் மெதுவாக.

நான் விழுந்தது அப்படி ஒரு திருப்பத்தில்.

எங்கள் தோட்டம் சிரம்பானுக்கும் தம்பினுக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. செம்பனைக் காட்டில் இப்போது குலை அறுப்பவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களுக்குத் தனிக் குடியிருப்பு. தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய வரிசை வீடுகளான பழைய லயத்தில் விளக்கு எரியும் வீடுகள் பன்னிரண்டு. அவற்றில் இருப்பவர்கள் தோட்டத்தில் தூங்கி, வெளியே வேலை செய்கிறவர்கள். நானும் அப்படித்தான். கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். மற்றவர்கள் எழுதியதைச் சுருக்குவதும், படங்களை அளவுக்கு வெட்டுவதும் என் வேலை. நாளிதழ் நின்றபோது மனைவி அம்பாங்கானில் மகள் வீட்டுக்குப் போனாள். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. அந்த வீட்டில் ஓர் அறை குறைவாக இருந்தது, அவ்வளவுதான். நான் ஓர் உறவினர் விட்டுப் போன லயத்து வீட்டுக்கு வந்தேன். செண்டாயானில் ஒரு தொழிற்சாலையின் பொருள் கிடங்கில் வேலை கிடைத்தது.

தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் முடியும் இடத்தைச் சிம்பாங் என்பார்கள். முச்சந்தி. செண்டாயானுக்கு அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டும். முனியாண்டி கோயில் ஒரு காலத்தில் அந்த முச்சந்தியிலேயே இருந்ததாம். சாலையை அகலப்படுத்தியபோது அதை இடப்பக்கம் இருநூறு அடி தள்ளி வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வலப்பக்கம் போக வேண்டியவர்கள் எல்லாரும் முதலில் இடப்பக்கம் திரும்புகிறார்கள். கோயிலுக்குப் போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு, மறுபடியும் சிம்பாங்கைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். யாரும் அதைச் சுற்று வழி என்று சொல்லிக் கேட்டதில்லை.

காலை ஆறரைக்கு எட்டு மோட்டார் சைக்கிள்கள் அங்கே சேரும். யாரும் இறங்க மாட்டார்கள். அன்றைய முறைக்காரர் மட்டும் இறங்கிச் சூடம் கொளுத்தி, தட்டை ஒவ்வொரு மோட்டாரிடமும் கொண்டுவருவார். தலைக்கவசத்தை மேலே தள்ளித் திருநீறு பூசிக்கொண்டு, கவசத்தை இறக்கிவிட வேண்டும். பிறகு யாராவது ஒருவர் எண்ணுவார். எட்டு இல்லையென்றால் புறப்பட மாட்டார்கள். "அண்ணன் எங்க? போன் அடி," என்பார்கள். பெரிய சாலையில் செத்துப் போனவர்களின் பட்டியல் ஒன்று எல்லார் மனத்திலும் இருந்தது. எண்ணுவது அதனால் வந்த பழக்கம் என்று நினைக்கிறேன்.

மொத்தம் ஒன்றரை நிமிடம் ஆகும். கைக்கடிகாரத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

அன்று முறை என்னுடையது. சூடம் அணையும் வரை நின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினேன். மற்ற ஏழு பேரும் போய்விட்டிருந்தார்கள். வண்டியைத் திருப்பி அறுபது அடி வந்திருப்பேன். சாலையில் உதிர்ந்த செம்பனைப் பழங்கள் கிடந்தன. முன் சக்கரம் அவற்றின்மேல் ஏறியது. மோட்டார் என் வலது காலின்மேல் விழுந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சாவியை எட்ட முடியவில்லை. மூன்று கார்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. நான்காவதாக வந்தது எங்கள் தோட்டத்துப் பழத்தை மில்லுக்கு ஏற்றிப் போகும் லோரி. அதை ஓட்டுகிறவர் என் பக்கத்து வீட்டுக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

அவர் முதலில் கைப்பேசியில் படம் எடுத்தார். பிறகுதான் மோட்டாரைத் தூக்கினார். "சூப்பர்வைசருக்கு அனுப்பணும்லாண்ணே. இல்லன்னா டாக்டர் குடுக்குற எம்.சி.ய நம்ப மாட்டான்," என்றார். நான் கத்திக்கொண்டிருந்ததாக அவர் பின்னால் சொன்னார். எனக்கு இஞ்சின் சத்தம்தான் நினைவில் இருக்கிறது. அந்தப் பழங்கள் எந்த லோரியிலிருந்து உதிர்ந்தவை என்று நான் அவரைக் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே கம்பி வைத்தார்கள். கம்பிக்கான பணத்தை நோயாளியே கட்ட வேண்டும் என்று ஒரு தாதி தாளை நீட்டினாள். மகள் கட்டினாள். ஆறு மாதம் வேலைக்குப் போகக்கூடாது என்றார்கள். தொழிற்சாலை அவ்வளவு காலம் சம்பளம் தராது. காப்புறுதி கிடைத்தால் சம்பளத்தில் பெரும்பகுதி மாதாமாதம் வரும். காலில் ஊனம் நின்றுவிட்டால் அதற்கும் ஒரு தொகை உண்டு. கிடைக்காவிட்டால் அம்பாங்கான் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே போட்ட கட்டிலில், மருமகன் சம்பளத்தில் நான் இருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து நேராக அங்கேதான் கொண்டுபோனார்கள். மருமகன் நல்லவர். வேலையிலிருந்து வந்ததும் என் கால் மறைக்காத மூலையாகப் பார்த்து உட்காருவார்.

பக்கத்து வீட்டுக்காரர் அங்கே என்னைப் பார்க்க வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார்.

"அண்ணே, போலீஸ் ரிப்போட்டு போட்டுட்டேன். சிம்பாங்லயே வுழுந்துட்டாருன்னு சொல்லிட்டேன்."

"நான் சிம்பாங்குல விழலையே."

"அன்னைக்கு வுழல. இப்ப வுழுந்துட்டீங்க." அவருடைய நகைச்சுவைக்கு அவரே முதலில் சிரிப்பார். "கோயிலுன்னு எழுதுனா ஒண்ணும் வராதுண்ணே. எங்க மில்லுல ஒருத்தன் நாசி லெமாக் வாங்க ஓரங்கட்டுனான். லோரி வந்து இடிச்சிருச்சு. உனக்குப் பசின்னா அது உன் சொந்த விஷயம்னு தள்ளிட்டாங்க. சும்மா ரொம்ப சூசா பண்ணிக் கஷ்டப்படாதீங்க லா. முனியாண்டி என்ன, சாட்சி சொல்லவா வரப்போறாரு?"

மனைவி தேநீர் கொண்டுவந்தாள். அவர் போன பிறகு கேட்டாள்.

"நீங்கதான் சாமியே கும்புட மாட்டீங்களே. காலங்காத்தால அங்க எதுக்குப் போனீங்க?"

துணையாசிரியராக இருந்தபோது நிருபர்களிடம் நான் அதிகம் கேட்ட கேள்வி அது. யார், எங்கே, எப்போது எல்லாம் எழுதிவிட்டு, எதற்கு என்பதை விட்டுவிடுவார்கள். நான் தாளைத் திருப்பி அனுப்புவேன். இப்போது என்னிடம் ஒரு பதில் இருந்தது. அந்தத் தோட்டத்தில் ஒரு நாளில் என்னோடு யாராவது பேசுவது அந்த ஒன்றரை நிமிடத்தில்தான். கிடங்கில் நான் தனியாக இருக்கிறேன். மாலையில் எல்லாரும் வேறு வேறு நேரத்தில் திரும்புகிறார்கள். அங்கே மட்டும் என்னை எண்ணினார்கள். இதைச் சொன்னால் அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேச வேண்டியிருக்கும். "பழக்கம்," என்றேன்.

மனிதவளப் பிரிவு அச்சிட்ட படம் ஒன்று கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த படத்தை என் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். சாய்ந்த மோட்டார், என் இடது செருப்பு, சாலையோரப் புல், சிதறிய பழங்கள். இடப்பக்க ஓரத்தில் மேலே, விரல் நகம் அளவுக்கு, கோயில் சூலத்தின் நுனியும் அதில் செருகிய எலுமிச்சம்பழமும். படத்தை எடுத்தவர் கவனிக்கவில்லை. மற்றவர்களும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் வாழ்நாள் முழுக்கப் படங்களின் ஓரங்களைப் பார்த்தவன். இடமிருந்து அரை அங்குலம் வெட்டினால் போதும். படம் இன்னும் நன்றாகவே இருக்கும், மோட்டார் நடுவுக்கு வரும்.

வெட்டினேன். அது நன்றாகவே இருந்தது.

பிறகு வரைபடம். பேரனின் அளவுகோலை வாங்கிக்கொண்டேன். கீழே ஒரு பெட்டி, வீடு. மேலே ஒரு பெட்டி, வேலையிடம். தோட்டத்துச் சாலை, சிம்பாங், பெரிய சாலை. சிம்பாங்கில் ஒரு பெருக்கல் குறி. இடப்பக்கம் தாள் வெறுமையாக இருந்தது.

இரண்டு வாரத்தில் நான் லயத்துக்குத் திரும்பினேன். ஊன்றுகோல்களோடு குளியலறைக்குப் போக முடிந்தது, அது போதும். காப்புறுதி அலுவலகத்திலிருந்து ஒரு மலாய்ப் பெண் இடத்தைப் பார்க்க வந்தாள். முப்பது வயதிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தன் காரில் சிம்பாங்குக்கு அழைத்துப்போனார். பத்து மணி வெயில். அவள் ஒரு கையில் தாளையும் இன்னொரு கையில் குடையையும் வைத்திருந்தாள். குடை என் தலைக்கு மேல் இருந்தது. அவள் வெயிலில் நின்றாள். "பாக்சிக்" என்று மாமனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். நாங்கள் மலாயில் பேசினோம்.

"வேலைக்குப் போகும்போது தினமும் எங்காவது நிறுத்துவீர்களா, பாக்சிக்?"

"இல்லை."

அவள் சாலையின் இருபுறமும் பார்த்தாள். "அதோ கொடி தெரிகிறதே, அது என்ன?"

"கோயில்."

"அங்கே போவதுண்டா?"

"இல்லை."

எழுதிக்கொண்டாள். என் கால் வலிக்கிறதா என்று கேட்டாள். அதற்கு உண்மையைச் சொன்னேன்.

ஏழு வாரத்தில் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர்தான் என்னைவிட மகிழ்ந்தார். கோழி வாங்கி வந்து அவரே சமைத்தார். சாப்பிட்டுக் கைகழுவும்போது சொன்னார்: "கால் நல்லானதும் கொஞ்ச நாளைக்குக் கோயில் பக்கம் வராதீங்கண்ணே. ஊனத்துக்கு டாக்டர்மாருங்க பாத்து மார்க்கு போடணும்ல, அது முடியட்டும். எவனாச்சும் படம் எடுத்து எங்கயாச்சும் போட்டா சூசா."

ஆறு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். கிடங்கில் உட்கார்ந்து செய்யும் வேலையாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். சிம்பாங்கில் வலப்பக்க விளக்கைப் போட்டு நின்றேன். இடப்பக்கம் ஏழு மோட்டார்களின் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. யாரோ கையை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். அந்த முதல் வாரத்தில் அவர்கள் திரும்பி வரும்போது என்னைத் தாண்டிப் போவார்கள், ஒலிப்பானை இரண்டு முறை அடிப்பார்கள். "முதலாளி போறாரு, வழி விடு!" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நான் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப ஆரம்பித்தேன். கால் மெதுவாகத்தான் வேலை செய்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

மருத்துவர்கள் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். அந்தத் தொகையும் வந்தது. இனிக் கோயிலுக்குப் போகலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அடுத்த திங்கள்கிழமை போகலாம் என்று இருந்தேன். அதற்குள் வெள்ளிக்கிழமை கடைசி வீட்டுப் பெண் விழுந்துவிட்டாள்.

அவளும் அந்த எட்டில் ஒருத்தி. சிரம்பான் பக்கம் ஒரு தொழிற்சாலை கெண்டினில் சமைக்கிறாள். வயது நாற்பதுக்கு மேல், தனியாக இருக்கிறாள். கோயிலிலிருந்து திரும்பும்போது குறுக்கே ஒரு நாய். வலது மணிக்கட்டு முறிந்தது. நான் விழுந்த இடத்துக்கும் அவள் விழுந்த இடத்துக்கும் இடையில் பன்னிரண்டு தப்படி. பின்னால் ஒரு நாள் நடந்து பார்த்தேன். அவளிடம் யாரும் எதையும் மாற்றிச் சொல்லச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அந்த வாரம் ஜொகூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். வரைபடத்தில் கோயிலை வரைந்து, அதன்மேல் ஒரு கொடியும் போட்டாளாம். நிராகரித்துவிட்டார்கள். அதுவரை நான் கோயிலுக்குப் போவதைத் தள்ளிப்போட்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கட்டுப்போட்ட கையைத் துப்பட்டாவில் தூக்கிக் கட்டியிருந்தாள்.

"அண்ணே, நீங்க பேப்பர்ல இருந்தவரு. மேலிடத்துக்கு ஒரு லெட்டரு எழுதிக் குடுங்க."

"என்னன்னு எழுதணும்?"

"இது சுத்து வழியில்ல, இதான் எங்க வழின்னு. நாம எல்லாரும் தெனம் இப்படித்தானே போறோம்? கோயிலு நடுரோட்டுலதானே இருந்துச்சு, ரோட்டுக்காரன்தானே தள்ளி வெச்சான்? மத்த ஏழு பேரும் சைன் வெச்சா கேப்பாங்க."

நல்ல வாதம் அது. நான் யோசித்திருந்தாலும் அதைவிட நன்றாக வந்திருக்காது. உட்காரச் சொன்னேன். மலாயில் எழுதினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கோயில் இருந்த இடம், மாற்றிய விதம், தூரம், நேரம், எண்ணும் பழக்கம், அது பாதுகாப்புக்காக என்பது. ஒரு பக்கத்துக்குள் அடக்கினேன். ஒரே ஒரு வாக்கியத்தில் நின்றேன். தோட்டத்திலிருந்து மோட்டாரில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் தினமும் இந்த வழியாகவே போகிறார்கள் என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, பெரும்பாலானவர்கள் என்று எழுதினேன். என் கோப்பும் அதே அலுவலகத்தில்தான் இருந்தது. எல்லாரும் போனால் அது வழி. சிலர் போகாமல் இருந்தால் அது அவரவர் விருப்பம். அந்தக் கடிதத்தைப் படிக்கும் அதிகாரி எந்த இடத்தில் பேனாவை வைப்பார் என்று எனக்குத் தெரியும். நான் அவர் இடத்தில் இருந்தால் அங்கேதான் வைத்திருப்பேன்.

கீழே கையெழுத்துக்குக் கோடுகள் போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு மலாய் படிக்க அவ்வளவாக வராது. கோடுகளை எண்ணினாள்.

"ஆறுதான் இருக்கு. ஏழுல்ல வரணும்?"

"என் பேரு வேணாம்மா. என் கேஸ்ல வேற மாதிரி எழுதியிருக்கு."

"வேற மாதிரின்னா?"

"நான் கோயிலுக்குப் போறதே இல்லன்னு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலைப் பார்த்தாள். நான் சிம்பாங்கில் விழுந்ததாகச் சொன்னது அவளுக்குத் தெரியும், அது எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை. இது அவளுக்குப் புதிது.

"அப்ப என் முறை வர்றப்பல்லாம் நான் தட்ட நீட்டுனது யாருக்குண்ணே?"

அது கோபமாகக் கேட்ட கேள்வி போலத் தெரியவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. பிறகு தாளை இடது கையால் மடிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை. நான் கை நீட்டினேன். அவள் அதை மடிக்காமலே எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் திங்கள்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த திங்கள்கிழமையும் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதன் பிறகு ஒருமுறை மட்டும் அதைப் பற்றிப் பேசினார். "அவங்ககிட்ட ஏண்ணே அத சொன்னீங்க? காய்ச்சல், கை நடுங்குது, சைன் வெக்க முடியலன்னு சொல்லியிருக்கலாம்ல," என்றார். அவர் சொன்னது சரி. நான் அதை யோசிக்கவில்லை.

இது நடந்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவளுடைய மேல்முறையீடு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கெண்டினுக்குத் திரும்பப் போகிறாள். அது மட்டும் தெரியும். மாலையில் அவள் மோட்டார் என் வாசலைத் தாண்டிப் போகிறது. வலது கையால் வேகக் கைப்பிடியைத் திருகும்போது முழங்கையை வெளிப்பக்கமாகத் தூக்குகிறாள், மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை. நிருபர் யாராவது இப்படி முடிவில்லாமல் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் போய்க் கேட்டு வா என்று அனுப்பியிருப்பேன். கடைசி வீடு என் வீட்டிலிருந்து ஒன்பது கதவு தள்ளி இருக்கிறது.

வரைபடத்தின் நகல் ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கிறது. காப்புறுதித் தாள்களை ஏழு ஆண்டு வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். கீழே ஒரு பெட்டி, மேலே ஒரு பெட்டி, இடையில் அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. வழியில் எங்கும் நிற்பதில்லை. காலையில் சிம்பாங்குக்கு வந்ததும் வலப்பக்க விளக்கைப் போடுகிறேன். ஆறு இருபதுக்கு அங்கே யாரும் இருப்பதில்லை. வரைந்த அன்று அந்தப் படம் தவறாக இருந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் அதில் திருத்த எதுவும் இல்லை.